நதியின் மட்டம் யாருடைய ரகசியம்?

தன் வீட்டுக்குள் வெள்ளம் எப்போது புகும் என்பதை முன்கூட்டி அறிந்துகொள்ளும் உரிமை ஒரு குடியானவனுக்கு உண்டா, இல்லையா? இந்தக் கேள்விக்கு 'இல்லை' என்று வாய் திறந்து பதில் சொல்ல எந்தத் தேசத்துச் சர்க்காரும் துணியாது. ஆயினும், பிரம்மபுத்திரா நதி பாயும் மூன்று தேசங்களிலும் உள்ள நடைமுறை நெடுங்காலமாக அந்தப் பதிலையே சொல்லி வந்திருக்கிறது. திபெத்தில் நீர் எவ்வளவு உயர்ந்தது என்பது சீன சர்க்காரின் கைப்பொருள். அஸ்ஸாமில் எவ்வளவு உயர்ந்தது என்பது இந்திய சர்க்காரின் கைப்பொருள். கடைசியில் நிற்கும் வங்காள தேசத்துக் குடியானவனுக்கு மிஞ்சியது வெள்ளம் ஒன்றுதான்.

இந்த நிலைமையை ராஜதந்திரிகளின் மகாநாடுகளைக் காட்டிலும் ஆகாயத்தில் சுற்றிவரும் ஒரு கருவி அதிகமாக மாற்றியிருக்கிறது. செயற்கைக்கோளிலிருந்து நீரின் உயரத்தை அளக்கும் வித்தையைப் பற்றியே கூறுகிறோம். இதை விஞ்ஞானிகளின் விஷயம் என்று ஒதுக்கிவிட்டு, நமது அரசியல் அன்பர்கள் வேறு பக்கம் திரும்பிவிடலாகாது. ஓர் அளவு யார் கையில் இருக்கிறதோ, அவர் கையிலேயே பேச்சுவார்த்தையின் கடிவாளமும் இருக்கும் என்பது நியாயஸ்தலங்களில் நிதமும் காணும் உண்மை.

வித்தையின் தத்துவம் எளிது. செயற்கைக்கோள் ஒரு ரேடார் அலையைக் கீழ்நோக்கி அனுப்புகிறது. அலை நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்புகிறது. போய் வந்த நேரத்தைக் கணக்கிட்டால் இடைவெளியின் தூரம் கிடைக்கும். செயற்கைக்கோள் எந்த உயரத்தில் இருக்கிறது என்பது தனியே துல்லியமாகத் தெரிந்திருந்தால், ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்து நீரின் உயரத்தைச் சொல்லிவிடலாம். தத்துவம் எளிதே ஒழியக் காரியம் எளிதன்று. 1,336 கிலோமீட்டர் உயரத்திலிருந்து செல்லும் அலை ஒரு விநாடியின் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைந்த நேரத்தில் திரும்பிவிடுகிறது. நீரின் உயரத்தை 3 சென்டிமீட்டர் அளவுக்குத் துல்லியமாகச் சொல்லவேண்டுமாயின், ஒரு விநாடியை 500 கோடிப் பங்காக்கி, அதில் ஒரு பங்கைப் பிரித்தறிய வேண்டும். நடுவழியிலுள்ள காற்றின் ஈரம் அலையைத் தாமதப்படுத்துகிறது. வானமண்டலத்தின் மேலடுக்கிலுள்ள மின்துகள்களும் தாமதப்படுத்துகின்றன. இவை ஒவ்வொன்றையும் தனித்தனியே அளந்து கழிக்கிறார்கள்.

இந்த வித்தை ஒரே நாளில் கைகூடியதன்று. 1978-ல் அமெரிக்கா அனுப்பிய ஸீஸாட் என்னும் செயற்கைக்கோள் சுமார் மூன்று மாதங்களே உழைத்து ஓய்ந்தது. ஆயினும் காரியம் கூடும் என்பதைக் காட்டிவிட்டது. 1992-ம் வருஷம் ஆகஸ்டு 10-ந் தேதி, அமெரிக்காவின் நாஸா ஸ்தாபனமும் பிரான்ஸின் விண்வெளி ஸ்தாபனமும் சேர்ந்து டோபெக்ஸ்-பொஸைடன் என்ற செயற்கைக்கோளை அனுப்பின. அது ஏறக்குறைய பத்து நாட்களுக்கு ஒரு முறை அதே பாதையில் திரும்பி வந்து, 2005-ம் வருஷம் வரையில் சமுத்திரங்களை அளந்தது. அதன் பின் 2001, 2008, 2016 ஆகிய வருஷங்களில் ஜேஸன் வரிசையில் மூன்றும், 2020-ல் ஸெண்டினல்-6 வரிசையில் முதலாவதும் அனுப்பப்பட்டன. புதியது வந்தவுடன் பழையதை ஒதுக்கிவிடவில்லை. இரண்டையும் ஒரே பாதையில் ஒன்றன்பின் ஒன்றாகப் பல மாதங்கள் ஓடவிட்டு, ஒன்றின் அளவை மற்றொன்றின் அளவோடு ஒத்துப் பார்த்த பின்னரே பொறுப்பு கைமாறியது. பழைய தராசை மாற்றும் வியாபாரி இரண்டு தராசிலும் ஒரே சரக்கை நிறுத்துப் பார்ப்பதற்கு ஒப்பானது இது.

இவ்விதம் அறுபடாமல் வந்த கணக்கு என்ன சொல்லுகிறது? 1993 முதல் 2023 வரையிலான 30 வருஷங்களில், உலகத்தின் சராசரிக் கடல்மட்டம் ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் உயர்ந்துவிட்டது. ஆரம்பத்தில் வருஷத்துக்குச் சுமார் 2 மில்லிமீட்டராக இருந்த ஏற்றம், முடிவில் 4 மில்லிமீட்டருக்கும் மேலாகிவிட்டது. வேகமே இரட்டித்திருக்கிறது என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். 2024-ம் வருஷத்தில் மட்டும், எதிர்பார்த்ததைக் காட்டிலும் அதிகமாக, ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் ஏறிற்று. கடல்நீர் சூடேறி விரிவதும், கிரீன்லாந்திலும் அண்டார்டிகாவிலும் மலைச் சிகரங்களிலும் உள்ள பனி உருகிக் கடலில் கலப்பதும் இதற்குக் காரணங்கள். கரையிலுள்ள அளவுகோல்களும் கடல்மட்டத்தைச் சொல்லத்தான் சொல்லுகின்றன. ஆனால் அவை நிலத்தில் நட்டவை. நிலம் தாழ்ந்தால் அளவுகோலும் கூடவே தாழும். கடல் ஏறிற்றா, தரை இறங்கிற்றா என்ற வழக்குக்குத் தீர்ப்பளிக்க, தரையைச் சாராத சாட்சி ஒன்று வேண்டியிருந்தது. அந்தச் சாட்சி கிடைத்துவிட்டது.

இப்பொழுது வங்காள தேசத்தின் நிலைமையைப் பார்ப்போம். கங்கை, பிரம்மபுத்திரா, மேக்னா என்ற மூன்று மகாநதிகளும் அந்தத் தேசத்தின் வழியாகவே கடலுக்குச் செல்கின்றன. அவற்றுக்கு நீர் சேர்க்கும் பிரதேசத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அதன் எல்லைக்கு வெளியே இருக்கிறது. வெள்ளம் உற்பத்தியாவது அந்நிய மண்ணில். வந்து விழுவது தன் மண்ணில். 1998-ம் வருஷத்து வெள்ளத்தில் தேசத்தின் பரப்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நீரில் ஆழ்ந்தது. முன்னால் கடல் ஏறிக்கொண்டே வருகிறது. பின்னால் நதி இறங்கிக்கொண்டே வருகிறது. காலின் கீழுள்ள வண்டல் மண்ணோ பல இடங்களில் அமிழ்ந்துகொண்டிருக்கிறது. இத்தகைய தேசத்துக்கு மூன்று நாள் முன்னெச்சரிக்கைக்கும் எட்டு நாள் முன்னெச்சரிக்கைக்கும் உள்ள வித்தியாசம் சாமானியமானதன்று. மூன்று நாளில் உயிரைக் காத்துக்கொள்ளலாம். எட்டு நாளில் விளைந்த நெல்லை அறுக்கலாம், மாட்டை மேட்டுக்கு ஓட்டலாம், விதையைப் பத்திரப்படுத்தலாம். வெள்ளம் வடிந்த பின் கடன்காரன் வாசலில் நிற்காமல் இருக்கலாம்.

இங்கேதான் கடலுக்கென்று செய்த கருவி நதிக்கும் உதவிற்று. செயற்கைக்கோளின் பாதை ஒரு பெரிய நதியைக் குறுக்கே கடக்கும் ஒவ்வோர் இடமும் ஆள் இல்லாத ஓர் அளவு நிலையம் ஆகிறது. மேலே இந்திய எல்லைக்குள் நதி உயர்ந்திருப்பது தெரிந்தால், அந்த வெள்ளம் கீழே வந்து சேர எத்தனை நாள் பிடிக்கும் என்று கணக்கிடலாம். அமெரிக்காவிலுள்ள வாஷிங்டன் சர்வகலாசாலையைச் சேர்ந்த பேராசிரியர் பைசல் ஹுசேனும் அவருடைய சகாக்களும் ஜேஸன்-2 அளந்த உயரங்களைக் கொண்டு இம்முறையை வகுத்தார்கள். டாக்காவிலுள்ள வெள்ள முன்னறிவிப்பு நிலையம் அதைக் கைக்கொண்டு, 2014-ம் வருஷத்தை ஒட்டி எட்டு நாள் முன்னறிவிப்புகளைத் தயாரிக்கத் தொடங்கிற்று. எந்தத் தூதுவரும் டெல்லிக்குப் போகவில்லை. எந்த உடன்படிக்கையும் கையெழுத்தாகவில்லை. அயலாரின் அநுமதியை எதிர்பாராமலே அயல்நாட்டு நதியின் உயரம் தெரிந்துவிட்டது.

2022-ம் வருஷம் டிசம்பர் 16-ந் தேதி ஏவப்பட்ட ஸ்வாட் என்னும் செயற்கைக்கோள் இன்னும் ஒரு படி மேலே சென்றிருக்கிறது. பழைய கருவிகள் தம் பாதைக்கு நேர் கீழே உள்ளதை மட்டுமே கண்டன. இதுவோ 10 மீட்டர் இடைவெளியில் நிறுத்திய இரண்டு அலைவாங்கிகளைக் கொண்டு, சுமார் 120 கிலோமீட்டர் அகலத்துக்கு நீர்ப்பரப்பைப் படம் பிடிக்கிறது. 100 மீட்டருக்கு மேல் அகலமுள்ள நதிகள் யாவும் இதன் பார்வைக்கு உட்பட்டவை. அதன் அளவுகள் எல்லோரும் எடுத்துக்கொள்ளும்படி வெளியிடப்படுகின்றன.

இவ்வளவுக்குப் பிறகும் நதியின் மட்டத்தை ராஜ்ய ரகசியம் என்று பூட்டி வைப்பது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் காரியமே ஆகும். நமது மத்திய சர்க்கார் 2018-ம் வருஷம் வெளியிட்ட நீரியல் தகவல் விதிகள், சிந்து, கங்கை, பிரம்மபுத்திரா முதலிய எல்லை கடந்த நதிகளின் விவரங்களை ரகசிய வகுப்பில் சேர்த்தன. மழைக்காலத்தில் சில நிலையங்களின் அளவுகள் வங்காள தேசத்துக்குக் கொடுக்கப்பட்டு வந்திருக்கின்றன என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் தயவினால் கிடைப்பது வேறு, உரிமையினால் கிடைப்பது வேறு. அந்த வேறுபாட்டை நாமே அநுபவித்தும் இருக்கிறோம். 2017-ம் வருஷத்தில் டோக்லாம் தகராறு நிகழ்ந்த மழைக்காலத்தில், பிரம்மபுத்திராவின் அளவுகள் சீனாவிலிருந்து வரவில்லை. நிலையங்களைப் பழுது பார்ப்பதாக அங்கிருந்து சமாதானம் சொன்னார்கள். அடுத்த வருஷம் மறுபடியும் அளவுகள் வந்தன. அப்பொழுது நம் நாட்டில் எழுந்த மனக்கசப்பு நியாயமானதே. மேல்நாட்டானிடம் நாம் எதைக் கேட்கிறோமோ, அதைக் கீழ்நாட்டானுக்கு நாம் கொடுக்க வேண்டாமா?

1997-ம் வருஷத்தில் ஐக்கிய நாடுகளின் சபை சர்வதேச நதிகளைப் பற்றிய ஓர் ஒப்பந்தத்தை நிறைவேற்றிற்று. நதியைப் பங்கிடும் தேசங்கள் அதன் நிலைமை பற்றிய விவரங்களை ஒழுங்காகப் பரிமாறிக்கொள்ள வேண்டும் என்று அதன் ஒன்பதாவது ஷரத்து கூறுகிறது. வாக்கெடுப்பில் வங்காள தேசம் ஆதரித்தது; சீனா எதிர்த்தது; இந்தியா எந்தப் பக்கமும் சேராமல் நின்றது. மேலே இருப்பவன் எதிர்க்கிறான், கீழே இருப்பவன் ஆதரிக்கிறான், நடுவில் இருப்பவன் தயங்குகிறான். நதியில் ஒவ்வொருவரும் நிற்கும் இடமே அவரவர் நீதியை நிர்ணயித்துவிட்டது போலத் தோன்றவில்லையா?

தேசப் பாதுகாப்பு என்ற ஆட்சேபத்தைச் சிலர் கிளப்புவார்கள். அது அலட்சியம் செய்யத்தக்கதன்று. அணைகளின் மதகுகள், பாலங்கள், படை செல்லும் துறைகள் இவற்றின் விவரங்களைக் காப்பது சர்க்காரின் கடமை. ஆனால் நதியின் உயரம் என்பது ஆகாயத்திலிருந்து எவரும் அளந்து, எவரும் பார்க்கும்படி வெளியிட்டுவிட்ட விஷயம். சத்துருவுக்குத் தெரிந்ததைச் சிநேகிதனுக்கும் சொந்த ஜனங்களுக்கும் மறைப்பதனால் என்ன பாதுகாப்பு விளையும்? அஸ்ஸாமிலும் பீகாரிலும் உள்ள நமது பிரஜைகளே, நமது ஆராய்ச்சியாளர்களே இந்த ரகசியத்தினால் முதலில் நஷ்டமடைகிறவர்கள்.

இதனால் செயற்கைக்கோள் ஒன்றே போதும், தரையிலுள்ள அளவுகோலைப் பிடுங்கி எறிந்துவிடலாம் என்று எவரும் எண்ணவேண்டாம். ஜேஸன் பத்து நாளைக்கு ஒரு முறையே ஓர் இடத்துக்குத் திரும்பி வந்தது. ஸ்வாட் பாதையின் சுற்று 21 நாட்கள். இடையில் ஒரு வெள்ளம் வந்து வடிந்தும் போய்விடும். மேலும் அது நீரின் உயரத்தைச் சொல்லுமே அல்லாமல், எத்தனை கன அடி ஓடுகிறது என்பதை நேராகச் சொல்லாது. அதற்கு ஆற்றின் ஆழமும் வேகமும் தெரியவேண்டும். ஆகாயத்துச் சாட்சி பொய்யைத் தடுக்கும். நாள்தோறும் உண்மையைச் சொல்ல ஆற்றங்கரையில் நிற்கும் மனிதனே வேண்டும்.

பொதுவான அளவு இல்லாமல் நதி வழக்கு தீராது என்பதற்குத் தமிழர்களுக்கு அத்தாட்சி தேவையில்லை. காவிரியில் எவ்வளவு நீர் வந்தது என்பதை இரண்டு ராஜ்யங்களும் தனித்தனியே சொல்லிக்கொண்டிருந்தால் வழக்குக்கு முடிவே இராது. 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு அளித்த தீர்ப்பு பிலிகுண்டுலுவில் உள்ள அளவையே ஆதாரமாகக் கொண்டது. அங்கே அளப்பது மத்திய நீர்க் கமிஷன். கங்கையைப் பற்றி 1996-ல் இந்தியாவும் வங்காள தேசமும் 30 வருஷ காலத்துக்குச் செய்துகொண்ட உடன்படிக்கையிலும், கோடைக்காலத்தில் பராக்காவிலும் ஹார்டிஞ்சு பாலத்திலும் இரு தரப்பாரும் சேர்ந்து அளக்க ஏற்பாடு உண்டு. கோடையில் பங்கீட்டுக்காகச் சேர்ந்து அளக்க முடிந்தவர்களால் மழைக்காலத்தில் உயிர்களுக்காகச் சேர்ந்து அளக்க முடியாதா?

இந்த வித்தையில் நமது தேசம் வெறும் பார்வையாளராக இருக்கவில்லை. 2013-ம் வருஷம் பிப்ரவரி 25-ந் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட ஸரல், இஸ்ரோவும் பிரான்ஸும் கூடிச் செய்த செயற்கைக்கோள். அதிலிருந்த ஆல்டிகா கருவி, அந்த வகை ரேடாருக்கு முன்னெப்போதும் பயன்படுத்தாத நுண்ணிய அலையில் சமுத்திரத்தை அளந்தது. அப்பேர்ப்பட்ட திறமையுள்ள தேசம், தன் அளவுகளை உலகுக்கு வழங்கும் தாராளத்தை ஆகாயத்தில் காட்டிவிட்டு, ஆற்றங்கரையில் மட்டும் கையை மூடிக்கொள்வது அழகன்று.

ஆகவே நாம் வற்புறுத்துவது மூன்று. முதலாவது, எல்லை கடந்த நதிகளின் மட்டத்தை ரகசிய வகுப்பிலிருந்து நீக்கி, அன்றாடம் பிரசுரிக்க வேண்டும். இரண்டாவது, கங்கை உடன்படிக்கைக்கு அடுத்து எந்த ஏற்பாடு வந்தாலும், அதில் வெள்ளக் காலத்து அளவுகளை வருஷம் முழுவதும் பரிமாறும் ஷரத்து இடம்பெற வேண்டும். மூன்றாவது, கடலையும் நதியையும் அளக்கும் செயற்கைக்கோள்களின் சங்கிலி அறுபடாதிருக்க நமது பங்கைத் தவறாமல் செலுத்தவேண்டும். ஒரு கண்ணி விட்டுப்போனால் முப்பது வருஷத்துக் கணக்கும் தொடர்பிழந்துவிடும்.

சீனா தருவதில்லையே, நாம் மட்டும் ஏன் தரவேண்டும் என்பாருக்கு ஒன்று சொல்வோம். நாம் கொடுத்துவிட்டுக் கேட்டால் அது நியாயத்தின் குரல். மறைத்துவிட்டுக் கேட்டால் அது யாசகத்தின் குரல். இவ்விரண்டில் எந்தக் குரலில் இந்தியா பேசவேண்டும் என்பதைப் பொதுஜனங்கள் சட்டசபைப் பிரதிநிதிகளிடம் கேட்கட்டும்.