கேட்டது ஒன்று, பாடியது ஒன்று

பி.காம். படித்தவன் கையில் யாரும் ஸ்க்ரூ டிரைவரைக் கொடுக்கமாட்டார்கள். கொடுத்தாலும், பவுடர் டப்பா மூடியை நெம்பித் திறப்பதோடு அவன் நிறுத்திக்கொள்வது நாட்டுக்கு நல்லது. இது தெரிந்தும் போன வருஷம் எங்கள் மாமா என் கையில் ஒரு ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்தார். அவருக்கு என் மூளை தேவைப்படவில்லை. காது தேவைப்பட்டது.

விஸ்வநத்தம் என்றால் உங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. சிவகாசியை ஒட்டிய ஊர். நீங்கள் தீபாவளிக்குக் கொளுத்தும் சரத்தில் எங்கள் ஊர்க் கை பட்டிருக்க நிறையவே வாய்ப்பு உண்டு. இந்த ஊரில் ஒருவருக்குக் காது மந்தம் என்றால், வெளியூர்க்காரர்கள் உடனே "வெடியா?" என்று பரிதாபமாகக் கேட்பார்கள். மாமாவின் காதைக் கெடுத்தது வெடி இல்லை. பாட்டு!

1970-களில் மைக் செட் வைத்திருந்தவர் அவர். கல்யாணம், காதுகுத்து, சடங்கு, கோயில் பொங்கல் எதுவானாலும் குழாயைக் கட்டிவிட்டு, அதற்குக் கீழேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். பதினைந்து வருஷம் அப்படி உட்கார்ந்ததில் கீச்சுக் குரல், 'டிக்' சத்தம், மிக்ஸி மூடி விழுவது எதுவும் இப்போது கேட்காது. தடித்த சத்தம் மட்டும் கேட்கும். (அத்தை திட்டுவது மட்டும் கடைசிவரை கேட்டது என்று அவரே சொல்வார்.)

கேசட் வந்தது. மைக் செட்டைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டு மாமா காலண்டர் வியாபாரத்துக்குப் போனார். 2004-ல் மும்பையில் ஒரு ஹோட்டல்காரர், தர வேண்டிய பாக்கியைத் தர முடியாமல், கடையை மூடும்போது மூலையில் நின்ற ஒரு பெட்டியைக் காட்டி, "இதை எடுத்துக்கோங்க" என்றாராம். வாராக்கடனுக்குப் பதிலாக ஜூக்பாக்ஸை வாங்கி வந்த ஒரே சிவகாசி வியாபாரி எங்கள் மாமாவாகத்தான் இருக்கவேண்டும். லாரியில் வந்து இறங்கிய அன்று தெருவே கூடியது. நான் அப்போது பள்ளிக்கூடப் பையன்.

"இது எப்பங்க பாடும்?" என்று கேட்டார் அத்தை.

"அடுத்த பொங்கலுக்கு" என்றார் மாமா.

எந்த வருஷப் பொங்கல் என்று சொல்லவில்லை. பெட்டி காலண்டர் கட்டுகளுக்கு அடியில் போயிற்று. அத்தை வருஷா வருஷம் கேட்டார். ஆறு வருஷம் முன்னால் கேட்பதும் நின்றுபோயிற்று. அத்தை போய்விட்டார். போன வருஷம் ஒருநாள் மாமா என்னைக் கூப்பிட்டு, "மாப்ளே, அந்தப் பெட்டியை வெளிய எடுப்போம்" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

காசு போட்டால் பாடும் பெட்டிக்கு வயசு நூறுக்கு மேல். 1889 நவம்பரில் சான்பிரான்சிஸ்கோவில் லூயிஸ் கிளாஸ் என்பவர் ஒரு மதுக்கடையில் எடிசன் பாட்டுப் பெட்டியோடு காசு போடும் துளையை இணைத்து வைத்தார். ஐந்து சென்ட் போட்டுவிட்டு, டாக்டர் குழாய் மாதிரி ஒன்றைக் காதில் வைத்துக் கேட்கவேண்டும். பாட்டைத் தேர்ந்தெடுக்கிற வேலையெல்லாம் கிடையாது. உள்ளே இருப்பதே ஒன்றுதான். 1940-களின் கடைசியில் சீபர்க் கம்பெனி ஒரே பெட்டியில் 100 பாட்டு என்று கொண்டுவந்தது. 1949-ல் ஆர்.சி.ஏ. விக்டரின் 7 அங்குல, 45 சுற்றுத் தட்டு வந்தது. அதோடு ஜூக்பாக்ஸுக்கு ராஜயோகம். நம் நாட்டிலும் பெரிய நகரத்து ஹோட்டல்கள் சிலவற்றில் வந்து உட்கார்ந்தது. மும்பை கொலாபாவில் மொண்டேகர் கஃபே, சுவரில் மரியோ மிராண்டா வரைந்த கார்ட்டூன்களுக்கும் ஜூக்பாக்ஸுக்கும் பேர்போனது.

எங்கள் பெட்டியும் அமெரிக்கப் பிறவி. 50 தட்டு, இரண்டு பக்கமும் பாடும், ஆக 100 பாட்டு. முகப்பில் 10 ஆங்கில எழுத்து, 10 எண். எழுத்தில் 'ஐ' கிடையாது. 1 என்று நினைத்து அமுக்கிவிடுவார்களாம். அமெரிக்காவிலும் நம்மைப் போன்றவர்கள் இருந்திருக்கிறார்கள் என்பதில் எனக்கு ஓர் ஆறுதல்.

மாமா பின்பக்கக் கதவைத் திறந்து காட்டினார். ஒரு பெரிய சக்கரம். அதில் தட்டுகள் தோசைக்கல் கடையில் அடுக்கின மாதிரி நெட்டுக்குத்தலாக நிற்கின்றன. பக்கத்தில் ஓர் உருளை. அதில் தீக்குச்சி தடிமனில் 100 ஊசி, பாட்டுக்கு ஒன்று. நீங்கள் சி-5 அமுக்கினால் ஒரு மின்காந்தம் அந்த ஊசியை வெளியே தள்ளும். சக்கரம் சுற்ற ஆரம்பிக்கும். கூடவே ஒரு விரல் மாதிரி தகடு ஊசிகளைத் தடவிக்கொண்டே போகும். நீட்டி நிற்கும் ஊசி தட்டுப்பட்டதும் மோட்டார் நிற்கும். ஒரு கொக்கி 'டொக்' என்று பள்ளத்தில் விழுந்து சக்கரத்தைப் பிடிக்கும். அப்புறம் ஒரு கை வந்து தட்டை எடுத்துப் படுக்கவைக்கும். பாட்டு முடிந்தால் தட்டு வீட்டுக்கு, ஊசி உள்ளே.

"எதுக்குடா முழிக்க? உங்க கணக்குதான்" என்றார் மாமா. "ஊசி வெளிய வந்தா பத்து. உள்ள போனா வரவு."

அந்த நிமிஷமே எனக்கு ஜூக்பாக்ஸ் புரிந்துவிட்டது. இரட்டைப் பதிவுக் கணக்கு! இன்னொரு விஷயம். பாட்டு நீங்கள் கேட்ட வரிசையில் வராது, சக்கரத்தில் நிற்கிற வரிசையில்தான் வரும். ஒரே பாட்டை மூன்று பேர் காசு போட்டுக் கேட்டாலும் ஊசி ஒன்றுதானே? ஒரு முறைதான் பாடும். மூன்று வசூல், ஒரு செலவு. இதைக் கண்டுபிடித்தவன் நிச்சயம் காமர்ஸ் பட்டதாரி.

கரண்ட் கொடுத்தோம். ஸ்பீக்கரில் 'டம்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான், தெருவில் இருந்த அத்தனை பேரும் வெளியே வந்துவிட்டார்கள். எங்கள் ஊரில் 'டம்' கேட்டால் யாரும் சிரிக்கமாட்டோம். முதலில் வானத்தைப் பார்ப்போம், புகை எந்தப் பக்கம் என்று. அப்புறம்தான் எந்தப் பட்டறைக்கு யார் வேலைக்குப் போயிருக்கிறார்கள் என்று நினைவு வரும். "ஒண்ணுமில்ல, பாட்டுப் பெட்டி" என்று நான் வாசலில் நின்று எல்லோரிடமும் சொன்னேன். எதிர்வீட்டு அக்கா மட்டும் கொஞ்ச நேரம் படியிலேயே உட்கார்ந்திருந்தார்.

சி-5 அமுக்கினோம். சக்கரம் சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. திருப்பதி உண்டியலில் போட்ட காசு மாதிரி பதிலே இல்லை. இன்னொரு பட்டனை அமுக்கினால் நின்றது, ஆனால் பக்கத்துத் தட்டில்.

எனக்கு உடனே மொத்தத்தையும் கழற்ற ஆசை. மாமா கையைத் தட்டிவிட்டார். "கழட்டுறவன் எல்லாம் மெக்கானிக் இல்ல. எதுவரைக்கும் சரியா நடக்குன்னு முதல்ல பாரு." பட்டன் அமுக்கினால் ஊசி வருகிறதா? வந்தால் பட்டன், வயர், மின்காந்தம் எல்லாம் சரி. ஊசி வந்தும் நிற்கவில்லையா? விரல் தகட்டைப் பார். நிற்கிறது, ஆனால் தள்ளி நிற்கிறதா? கொக்கியைப் பார். ஆடிட்டர் வவுச்சர் பார்க்கிற முறையும் இதுவேதான்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தோம். ஊசி பாதிதான் வெளியே வந்திருந்தது. மாமா ஓர் ஊசியைத் தொட்டு, விரலை மூக்கில் வைத்தார். முகம் மாறியது.

"இதுல தேங்காய் எண்ணெய் விட்டது எவன்?"

வாசகர்களே, உண்மையை ஒப்புக்கொள்கிறேன். பத்தாம் வகுப்பு லீவில், பெட்டியைப் பாடவைத்து அத்தையிடம் நல்ல பேர் வாங்கலாம் என்று, அத்தையின் தலைக்கு வைக்கிற பாட்டிலிலிருந்தே எடுத்து ஊற்றியிருந்தேன். எண்ணெய் முதலில் வழவழவென்றுதான் இருக்கும். வருஷம் ஆக ஆக, பழைய கிரீஸோடும் காலண்டர் தூசியோடும் சேர்ந்து கருப்பட்டிப் பாகு மாதிரி இறுகிவிடும். ஊசிகளுக்கு எண்ணெயே ஆகாதாம். சுத்தமாக, காய்ந்து இருந்தால் போதும்.

தண்டனையாக 100 ஊசியையும் நானே துடைத்தேன். பெட்ரோல் கூடாது என்று மாமா சொல்லிவிட்டார். ஸ்பிரிட் நனைத்த பஞ்சு, அதுவும் முற்றத்தில், அடுப்பு அணைந்த பிறகு. நெருப்பு விஷயத்தில் விஸ்வநத்தத்துக்காரன் விளையாடமாட்டான். நாலு சாயங்காலம் ஆயிற்று. 99 ஊசி சரி, ஒன்று மட்டும் வரவில்லை. டிரயல் பேலன்ஸில் ஒரு ரூபாய் உதைக்கிற வேதனை எனக்குத் தெரியும். "சஸ்பென்ஸ் கணக்குல போட்டுடலாமா மாமா?" என்றேன். "ஒருத்தன் அந்தப் பாட்டைக் கேட்டு வந்தா என்ன சொல்லுவ?" என்றவர், வளைந்த ஊசியைப் பித்தளைச் சுத்தியால் மெல்லத் தட்டி நிமிர்த்தினார். எங்கள் ஊரில் பித்தளைச் சுத்திக்குப் பஞ்சமில்லை. இரும்பு பட்டால் பொறி பறக்கும்.

இப்போது சக்கரம் நின்றது. ஆனாலும் ஒரு தட்டு தள்ளியே.

இங்கேதான் என் காது. ஊசி பட்டதும் 'டிக்', கொக்கி விழுந்ததும் 'டொக்'. இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு நேரம் என்பதுதான் கேள்வி. மாமாவுக்கு 'டிக்' கேட்காது. எனக்கு இரண்டும் கேட்கும், ஆனால் அதை வைத்து என்ன செய்வது என்று தெரியாது. கடைசியில் மாமா பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டார். 'டிக்' கேட்டதும் நான் அவர் தோளில் தட்டவேண்டும். 'டொக்' அவருக்குக் கையில் தெரியும்.

தட்டினேன். "லேட்டு" என்றார். கொக்கியின் அச்சைத் துடைத்தோம். தட்டினேன். "இன்னும் லேட்டு." தளர்ந்திருந்த ஸ்பிரிங்கை மாற்றினோம். தட்டினேன். தோளில் என் கை பட்டதும் அவர் சிரித்தார். சி-5 கேட்டோம், சி-5 வந்தது. இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒரு மெக்கானிக் ஆகியிருந்தோம்.

ஆனால் பாடியது பெண்ணா ஆணா என்று தெரியவில்லை. கர்ச்சீப் வைத்து மூக்கைப் பொத்திக்கொண்ட குரல். அமெரிக்காவில் 117 வோல்ட், 60 சைக்கிள். நமக்கு 230, 50. வோல்டேஜை டிரான்ஸ்ஃபார்மர் குறைத்துவிடும், சைக்கிளை யார் கூட்டுவது? மோட்டார் ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடியது. 45 சுற்றவேண்டிய தட்டு 37½ சுற்றியது. மோட்டார் தண்டின் விட்டத்தை 5-க்கு 6 என்ற விகிதத்தில் பெரிதாக்க வேண்டும். பி.காம். வாழ்க! சிவகாசியில் அச்சு மெஷினுக்குக் கடைசல் பிடிக்கிற லேத் பட்டறையில் ஒரு பித்தளை உறை செய்துகொண்டோம். குரல் பெண்ணாயிற்று.

கடைசியாக மாமா பீரோவிலிருந்து ஒரு தட்டை எடுத்தார். 'அன்னக்கிளி', 1976. இளையராஜாவின் முதல் படம், ஜானகியின் குரல். மைக் செட் தட்டுகளுக்கு நம்பர் போட்டு நோட்டில் எழுதி வைத்தது அத்தைதான். லேபிளில், நடு ஓட்டையை ஒட்டி, நீல மையில் அவர் எழுதிய எண் 41.

வம்பு என்னவென்றால், ஜூக்பாக்ஸ் தட்டுக்கு நடுவில் ஒன்றரை அங்குல ஓட்டை வேண்டும். இந்தத் தட்டில் இருந்ததோ சின்ன ஓட்டை. லேத்தில் வெட்டலாம். பாட்டுக்கு ஒன்றும் ஆகாது, லேபிள்தான் போகும். ஆனால் மையம் மயிரிழை விலகினாலும் சுருதி ஊஞ்சல் ஆடும். ஓர் உடைந்த தட்டில் வெட்டிப் பார்த்ததில் அப்படித்தான் ஆடியது.

"வேண்டாம் மாமா. இருக்கிறது ஒண்ணே ஒண்ணு."

"பீரோவுல வச்சுப் பூட்டவா அவ நம்பர் போட்டா?" என்றார்.

வெட்டினோம். விழுந்த வட்டத்தை மாமா ஊதித் துடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வீட்டுக்கு வந்து தட்டை மாட்டி, சி-5 அமுக்கினார். டிக். டொக். கை வந்தது, தட்டு படுத்தது. மாமா பெட்டியின் மேல் இரண்டு உள்ளங்கையையும் வைத்துக்கொண்டு நின்றார். பாட்டு பாதி போன பிறகு என் பக்கம் திரும்பினார்.

"மாப்ளே, சுருதி ஆடுதா?"

"இல்ல மாமா. சுத்தமா இருக்கு."

கொஞ்சம் ஆடத்தான் செய்தது. எங்கள் படிப்பில் இதற்கு 'ரவுண்ட் ஆஃப்' என்று பேர்.