பாட்டுக்கு இரண்டு டாலர்

சென்ற வாரத் தபாலில் ஒரு சகோதரியின் கடிதம் வந்தது. பெயரையும் ஊரையும் போட வேண்டாமென்று கேட்டுக் கொண்டிருக்கிறார். அப்படியே ஆகட்டும்.

அவர் கிறிஸ்துவக் குடும்பத்துப் பெண்மணி. வயது முப்பத்தெட்டு. இரண்டு குழந்தைகள். ராத்திரி அடுப்படி வேலையெல்லாம் ஒழிந்த பிறகு, பையனுடைய பழைய கணக்கு நோட்டில் ஞானப் பாட்டுகள் எழுதி வைக்கிறாராம். பத்து வருஷத்தில் நாற்பது பாட்டுகள் சேர்ந்திருக்கின்றன. ஒரு நாள் துணிந்து அவற்றில் ஒன்றைத் தமது சபையின் பாடகர் குழுவை நடத்துகிறவரிடம் காட்டியிருக்கிறார். அவர் படித்துப் பார்த்துவிட்டு, "கருத்து நன்றாயிருக்கிறது, அம்மா. ஆனால் இரண்டாவது அடி மெட்டில் உட்காரவில்லை. மூன்றாவது அடியில் பாடுகிறவர்களுக்கு மூச்சு வாங்கும். கொஞ்சம் திருத்திக் கொண்டு வாருங்கள்" என்று சொல்லிவிட்டார்.

சகோதரிக்கு மனசு சுருக்கென்றது. "முழந்தாளிட்டு ஜெபம் பண்ணிவிட்டு, கண்ணீரோடு எழுதிய பாட்டு அது. ஆண்டவர் கொடுத்ததில் நான் எப்படிக் கை வைப்பது? பக்தியிருந்தால் போதாதா?" என்று கேட்கிறார். கடிதத்தின் கடைசியில், வெட்கப்பட்டுக் கொண்டு எழுதியது போல் பொடி எழுத்தில் இன்னொரு கேள்வி: "இதற்கு யாராவது பணம் கொடுத்தால் வாங்கலாமா? வாங்கினால் பாவமா?"

பாட்டு எழுதத் தெரியாத நான் இதற்கு என்ன பதில் சொல்வது? எனக்குத் தெரிந்ததெல்லாம், நான் எழுதியதன் மேல் ஆசிரியர் சிவப்புப் பென்சிலை வைக்கும்போது எனக்கும் அதே 'சுருக்' ஏற்படுகிறது என்பதுதான். ஆகையால், பதில் சொல்லத் தகுதியுள்ள ஓர் அம்மையாரைச் சகோதரிக்கு அறிமுகம் செய்து வைக்கிறேன். அவர் பெயர் ஃபானி கிராஸ்பி. எண்ணாயிரத்துக்கு மேற்பட்ட கிறிஸ்துவப் பாடல்களை எழுதியவர். அத்தனையையும் கண் தெரியாமல் எழுதியவர்.

அமெரிக்காவில் நியூயார்க் ராஜ்யத்தின் ஒரு கிராமப்புறத்தில், 1820-ஆம் வருஷம் மார்ச் மாதம் 24-ந் தேதி ஃபானி பிறந்தாள். ஆறு வாரக் குழந்தையாயிருக்கையில் கண்ணில் நோய் கண்டது. வைத்தியர் என்று சொல்லிக் கொண்டு வந்த ஒருவன் கண்ணின் மேல் சுடச் சுடக் கடுகுப் பற்றுப் போட்டான். பார்வை போனது அதனால்தான் என்று குடும்பத்தார் கடைசி வரையில் நம்பினார்கள். அது பிறவிக் குறையாகவே இருந்திருக்கலாம் என்று பிற்காலத்தில் சிலர் அபிப்பிராயப்பட்டதுண்டு. எப்படியிருந்தாலும் அந்த வருஷ முடிவுக்குள் தகப்பனாரும் காலமானார். தாய்க்கு அப்போது இருபத்தோரு வயசு. அவள் வேறொரு வீட்டில் வேலைக்குப் போக, குழந்தையைப் பாட்டி வளர்த்தாள்.

அந்தப் பாட்டியைப் பற்றி எத்தனை சொன்னாலும் தகும். பேத்திக்குப் பூவைத் தொட்டுக் காட்டினாள். பறவையைக் குரலால் அடையாளம் சொல்லிக் கொடுத்தாள். சூரியன் அஸ்தமிக்கும்போது வானத்தில் என்னென்ன நிறம் வருகிறதென்று வர்ணித்தாள். பைபிளைப் படித்துக் காட்டினாள். பிறகு, அவர்கள் குடியிருந்த வீட்டுக்கார அம்மாள், வாரத்துக்கு ஐந்து அதிகாரம் வீதம் மனப்பாடம் செய்ய வைத்தாள். பதினைந்து வயசு ஆவதற்குள் பழைய ஏற்பாட்டின் முதல் ஐந்து ஆகமங்களும், சுவிசேஷங்கள் நான்கும், நீதிமொழிகளும், சங்கீதங்களில் பெரும் பகுதியும் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். நம் வீடுகளில் பாட்டிமார் திருப்பாவையும் தேவாரமும் சொல்லிக் கொடுத்தது மாதிரிதான். படிக்கக் கண் இல்லாத பெண்ணுக்கு மனசே புஸ்தக அலமாரி ஆயிற்று.

எட்டு வயசில் முதல் பாட்டுக் கட்டினாள். 1835-ல் நியூயார்க் நகரத்துப் பார்வையற்றோர் பள்ளியில் சேர்ந்தாள். 'நம் பள்ளியின் கவியரசி' என்று எல்லோரும் தலையில் தூக்கி வைத்துக் கொண்டார்கள். இங்கே ஒரு சங்கதி நடந்தது. கடிதம் எழுதிய சகோதரி கவனிக்க வேண்டும். பள்ளித் தலைவர் அவளைக் கூப்பிட்டு, புகழ்ச்சியில் மயங்கிவிடாதே என்று கண்டித்தார். கொஞ்ச காலம் பாட்டே எழுதக் கூடாதென்று தடையும் போட்டார். சின்னப் பெண்ணின் மனசு எப்படியிருந்திருக்கும்! ஆனால் தடை நீங்கிய பிறகு அவளுக்கு முறையாக யாப்புச் சொல்லிக் கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். பெரிய கவிஞர்களின் பாட்டுகளைப் படித்துக் காட்டி, மனப்பாடம் செய்யச் சொல்லி, அதே அளவில் வேறு பாட்டுக் கட்டச் சொன்னார்கள். குழந்தைகள் சரளி வரிசை சாதகம் பண்ணுகிறார்களே, அந்த மாதிரி.

அந்தப் பள்ளியிலேயே ஆசிரியை ஆகி, 1858 வரையில் வேலை பார்த்தார். 1849-ல் நியூயார்க்கில் காலரா பரவியபோது ஊரை விட்டு ஓடாமல் நோயாளிகளுக்குப் பணிவிடை செய்தார். சாவை அத்தனை கிட்டத்தில் பார்த்தது மனசை உலுக்கிவிட்டது. அடுத்த வருஷம், 1850 நவம்பரில், ஒரு ஜெபக் கூட்டத்தில் சபையார் பாடிய பாட்டு ஒன்றைக் கேட்டுக் கொண்டிருந்தபோதுதான் தம்மை இயேசுநாதருக்கு முழுவதும் ஒப்புக் கொடுத்ததாக அவர் சொல்லியிருக்கிறார். ஒரு பாட்டு ஒரு மனுஷியை என்ன செய்யும் என்பது அன்று அவருக்குத் தெரிந்தது.

உடனே பக்திப் பாட்டு எழுதக் கிளம்பிவிட்டாரா என்றால், இல்லை. ஜார்ஜ் ரூட் என்ற சங்கீத வித்வானுக்காகப் பல வருஷம் சாதாரணப் பாட்டுகள் எழுதினார். அவர் மெட்டை வாசித்துக் காட்டுவார். இவர் அதற்கு வார்த்தை போடுவார். நம் சினிமாப் பாட்டாசிரியர்கள் செய்கிற அதே வேலை. 1864-ல், நாற்பத்து நான்கு வயசை நெருங்கும்போதுதான், வில்லியம் பிராட்பரி என்ற ஞானப் பாட்டுப் பிரசுரகர்த்தர் அவரை அழைத்தார். தம் வாழ்க்கையின் உண்மையான வேலை அன்றுதான் ஆரம்பமாயிற்று என்று கிராஸ்பி அம்மையார் பிற்பாடு எழுதினார். முப்பத்தெட்டு வயசுச் சகோதரி இதையும் குறித்துக் கொள்ளலாம்.

1868-ஆம் வருஷம் நடந்ததைச் சொல்கிறேன். டோன் என்ற நண்பர் அவசரமாக வந்தார். கையில் ஒரு மெட்டு. ரயிலுக்கு இன்னும் நாற்பது நிமிஷம்தான் இருந்தது. மெட்டைக் கேட்டதும் அம்மையார் அடுத்த அறைக்குப் போனார். ஜெபம் செய்தார். அரை மணியில் முழுப் பாட்டையும் சொல்லி எழுத வைத்துவிட்டார். 'இயேசுவின் கரங்களில் பத்திரமாய்' என்று பொருள்படும் அந்தப் பாட்டு உலகமெல்லாம் பரவியது. மொழிபெயர்ப்பாகித் தமிழ்ப் பாமாலையிலும் இடம் பெற்றது. குழந்தையைப் பறிகொடுத்த தாய்மார்களுக்கு அது பெரிய ஆறுதல். அம்மையாரும் அப்படிப்பட்ட தாய்தான். அவருக்கும், அவரைப் போலவே பார்வையற்ற சங்கீதக்காரரான அவருடைய கணவருக்கும் பிறந்த ஒரே குழந்தை, பச்சிளம் பருவத்திலேயே இறந்துவிட்டது. அதைப் பற்றி அவர் வெளியில் அதிகம் பேசியதில்லை.

"பார்த்தீர்களா! அரை மணியில் ஆண்டவர் கொடுத்தார், திருத்தவா செய்தார்?" என்று சகோதரி கேட்கலாம். அந்த அரை மணிக்குப் பின்னால் முப்பது வருஷச் சாதகம் இருக்கிறது, அம்மா. அதோடு, எல்லாப் பாட்டும் அரை மணிப் பாட்டு அல்ல. பாட்டு முடிந்தவுடன் அதைச் சில நாள் மனசுக்குள்ளேயே கிடக்க விட்டு, பிறகு ஞாபகத்தின் கண்களால் படித்துப் பார்த்து, வேண்டாத கிளைகளைக் கழித்து, ஒழுங்கு பண்ணிய பிறகே வெளியில் விடுவேன் என்று அவரே தம் நினைவுக் குறிப்புகளில் சொல்லியிருக்கிறார். எழுதுவதற்கு முன்னால் ஜெபம் உண்டு. எழுதிய பின் கத்தரிக்கோலும் உண்டு. இரண்டில் ஒன்று மற்றொன்றுக்கு விரோதம் என்று அவருக்குத் தோன்றவேயில்லை.

ஏன் கத்தரிக்கோல்? சபையில் பாடுகிறவர்கள் வித்வான்கள் அல்ல. வயசான தாத்தா பாடுவார்; பள்ளிக்கூடப் பிள்ளை பாடும்; வீட்டில் ஆயிரம் கவலையை வைத்துவிட்டு வந்த தாய் பாடுவாள். எத்தனை சரணம் இருந்தாலும் மெட்டு ஒன்றுதான். முதல் சரணத்தில் நெடில் வந்த இடத்தில் இரண்டாவது சரணத்தில் குறில் வந்தால், மெட்டு அதைப் பிடித்து இழுக்கும். தமிழில் இதனால் வருகிற விபரீதம் கொஞ்சமல்ல. 'மலை' 'மாலை' ஆகிவிடும். கல்மேல் வீடு கட்டிய புத்திசாலி, கால்மேல் வீடு கட்டினவராகிவிடுவார்! பாடுகிறவர் வார்த்தையில் தடுக்கி விழுந்தால், ஆண்டவரை நினைக்க அவருக்கு அவகாசம் ஏது? பாடகர் குழுக்காரர் உங்கள் பக்தியைக் குறை சொல்லவில்லை, சகோதரி. பாடப் போகிறவர்களின் மூச்சுக்காகப் பேசினார்.

இனி, பொடி எழுத்துக் கேள்வி. கிராஸ்பி அம்மையார் பணம் வாங்கினார். பாட்டுக்கு ஒரு டாலர், இரண்டு டாலர். வாரத்துக்கு மூன்று பாட்டு என்று பிரசுரக் கம்பெனியுடன் ஒப்பந்தம். உரிமை முழுவதும் பிரசுரகர்த்தருக்கு அல்லது மெட்டுப் போட்டவருக்கு. ஒரே ஆள் பெயர் புஸ்தகம் பூராவும் வரக் கூடாதென்று ஏறக்குறைய இருநூறு புனைபெயர்கள் வேறு! வந்த பணத்தையும் ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு, நியூயார்க்கின் ஏழ்மையான பகுதிகளில் சின்ன அறைகளில் குடியிருந்தார். குடித்துச் சீரழிந்தவர்கள் வந்து சேரும் சேவை இல்லங்களுக்குப் போய் அவர்களோடு உட்கார்ந்து பேசினார். 'அழிகிறவர்களைக் காப்பாற்று' என்று பொருள்படும் 1869-ஆம் வருஷப் பாட்டு, அங்கே தாயின் பேச்சை மறந்து திரிந்த ஒரு வாலிபனைச் சந்தித்த ராத்திரி எழுதியது.

ஆகையால், உழைப்புக்குக் கூலி வாங்குவது பாவமல்ல. ஆனால், கோடிக்கணக்கான ஜனங்கள் பாடிய பாட்டுகளுக்கு இரண்டு டாலர் போதுமா என்றால், போதாது என்றுதான் நான் சொல்வேன். அம்மையார் குறைப்பட்டுக் கொள்ளவில்லை. அது அவருடைய பெருந்தன்மை. பிரசுரித்தவர்களின் நியாயத்துக்கு அது அத்தாட்சியாகாது. யாராவது உங்கள் பாட்டைப் பதிவு செய்ய வந்தால், கையெழுத்துப் போடுமுன் காகிதத்தை முழுக்கப் படியுங்கள். நம் தேசத்தில் 2012-ஆம் வருஷத்துச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, பாட்டாசிரியருக்குச் சேர வேண்டிய ராயல்டிப் பங்குக்குப் பாதுகாப்பு இருக்கிறது. இலவசமாகக் கொடுக்க விரும்பினால் தாராளமாகக் கொடுங்கள். ஆனால் தெரிந்து கொடுங்கள்.

ஒன்றை மறைக்கக் கூடாது. எண்ணாயிரத்தில் பெரும்பாலானவற்றை இன்று யாரும் பாடுவதில்லை. அவர் காலத்திலேயே, 'உணர்ச்சி அதிகம், கவிதை குறைவு' என்று சொன்ன பண்டிதர்கள் உண்டு. அவர்கள் சொன்னதில் உண்மையும் உண்டு. ஆனால் 1873-ல் ஒரு சிநேகிதி புதிய மெட்டை வாசித்து, "இது என்ன சொல்கிறது?" என்று கேட்க, அவர் சட்டென்று பதில் சொன்னதிலிருந்து பிறந்த 'ஆசீர்வாதமான நிச்சயம்' என்ற பாட்டு இன்றும் எத்தனையோ பாஷைகளில் ஒலிக்கிறது. எந்தப் பாட்டு நிற்கும் என்று எழுதும்போது அவருக்குத் தெரியாது. தெரியாமலேதான் ஒவ்வொன்றையும் செப்பனிட்டார். 1915 பிப்ரவரியில், தொண்ணூற்றைந்து வயசு நிறைய ஆறு வாரம் இருக்கையில் கண் மூடினார்.

சகோதரி, அந்தக் கணக்கு நோட்டை எடுங்கள். அந்த இரண்டாவது அடியை வாய்விட்டுப் பாடிப் பாருங்கள். மனசுக்குள் பாடினால் குற்றம் தெரியாது. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களையும் பாடச் சொல்லி, எங்கே மூச்சு முட்டுகிறதென்று பாருங்கள். நாலு நாள் ஊறப் போடுங்கள். பிறகு திருத்துங்கள். திருத்துவதற்கு முன்னாலும் ஒரு ஜெபம் பண்ணிக் கொள்ளலாமே! அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாட்டை மறுபடியும் கொண்டு போய்க் கொடுத்துவிட்டு, என்ன ஆயிற்றென்று எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள்.