மிலிட்டரி ஏலத்து வண்டி சிறு விவசாயிக்கு ஆகுமா?

ராணுவம் கழித்துவிட்ட ஜீப்பையோ லாரியையோ வாங்கி, கொட்டகையில் நிறுத்தி, தாமே பழுது பார்த்து ஓட்டவேண்டும் என்ற ஆசை விவசாயிகள் பலருக்கு உண்டு. நான்கு சக்கரமும் இழுக்கும், இரும்பு கனமாக இருக்கும், சேற்றுக்கு அஞ்சாது. நெல் மூட்டையைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோக, வைக்கோல் ஏற்ற, தேங்காய் ஏற்ற என்று ஒரத்தநாடு பக்கத்தில் அதற்கு வேலையும் இருக்கிறது. 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் இந்த வட்டாரத்துத் தென்னைகளைச் சாய்த்ததை நாம் மறக்கவில்லை. அத்தகைய வேளையில் மரத்தை இழுத்துப் போட இப்படி ஒரு வண்டி உதவும். ஆகவே ஆசை நியாயமானதே. ஆனால் ஆசைக்குக் கணக்கும் துணை வரவேண்டும்.

இந்த வண்டிகளின் கதை பழையது. இரண்டாம் உலக யுத்தத்தில் வில்லிஸ், ஃபோர்டு கம்பெனிகள் சேர்ந்து 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்தன. யுத்தம் முடிந்ததும் நம் நாட்டில் மிஞ்சியவை ‘டிஸ்போசல்ஸ்’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தன. விவசாயத்துக்கும் இதில் பங்கு உண்டு. அமெரிக்க ராணுவம் விட்டுச்சென்ற டிராக்டர்களைக் கொண்டுதான் மத்திய அரசு 1947-ல் மத்திய டிராக்டர் நிறுவனத்தை ஆரம்பித்து, வட இந்தியாவில் காஞ்சுப்புல் மண்டிய தரிசுகளைத் திருத்த முனைந்தது. பிறகு 1949-ல் விவசாய யந்திரங்கள் வாங்க உலக வங்கியில் 1 கோடி டாலர் கடன் பெறவேண்டி வந்தது. பழைய யந்திரம் ஒரு வேலையைத் தொடங்கிவைக்கும். அதை மட்டுமே நம்பி எல்லாக் காரியத்தையும் முடிக்க இயலாது என்பது இதில் நமக்குள்ள பாடம்.

பின்னாளில் ஜபல்பூரில் செய்த வண்டிகள் ஏலத்துக்கு வந்தன. ஜெர்மனியின் மான் கம்பெனி உரிமத்தில் 1959 முதல் தயாரான ‘சக்திமான்’ லாரியும், நிஸான் மாதிரியில் செய்யப்பட்ட ‘ஜோங்கா’வும் இவற்றுள் முக்கியமானவை. இரண்டின் உற்பத்தியும் 1990-களோடு நின்றுபோயிற்று. ஆகவே வண்டி கிடைத்தாலும் உதிரி பாகம் கிடைக்குமா என்பதே முதல் கேள்வி. பாகம் எங்கே கிடைக்கும் என்று தெரியாமல் முன்பணம் கொடுப்பது உசிதமல்ல.

இரண்டாவது கேள்வி எரிபொருள். ஜோங்காவின் பெட்ரோல் எஞ்சின் ஆறு சிலிண்டர், ஏறக்குறைய 4 லிட்டர் கொள்ளளவு. அதன் பசியை இரண்டு மூன்று ஏக்கர்க்காரர் தனியாகத் தாங்க முடியாது. வருஷத்தில் எத்தனை நாள் வண்டிக்கு வேலை, அந்த நாட்களுக்கு வாடகை வண்டி வைத்தால் என்ன செலவு என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எரிபொருள், இன்ஷூரன்ஸ், டயர், பழுது எல்லாம் கூட்டி, வாடகையை விட அதிகமானால் ஆசையை விட்டுவிட வேண்டியதுதான். அண்ணன் தம்பிகள் நாலு பேர் கூட்டாக வைத்துக்கொண்டால் கணக்குக் கட்டலாம்.

மூன்றாவது கேள்வி காகிதம். ராணுவத்திலிருந்து கழிந்த வண்டியைப் பதிவு செய்ய, சம்பந்தப்பட்ட ராணுவ அதிகாரி தரும் படிவம் 21 விற்பனைச் சான்று அவசியம். அது கிடைக்குமா என்று ஏலத்துக்கு முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். கைமாறி வந்த வண்டியானால் எஞ்சின் எண், சேஸிஸ் எண் இரண்டையும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். போக்குவரத்து அலுவலக அனுமதியின்றி எஞ்சினை மாற்றியிருந்தால் அந்த வில்லங்கம் உங்கள் தலையில் விழும்.

இவ்வளவும் சரியாக இருந்தால் வீட்டுப் பராமரிப்பு கஷ்டமல்ல. கம்ப்யூட்டர் இல்லாத எஞ்சின். ஆயில் எஞ்சின் பிரித்துப் பூட்டிய கைக்கு இதுவும் பழகிவிடும். நம் ஊருக்கு ஏற்ற சில குறிப்புகள்:

சேற்றில் இறங்கிய அன்றே அடிப்பாகத்தைக் கழுவுங்கள். ஒட்டிய களிமண்தான் சேஸிஸை அரிக்கும். கழுவியபின் கிரீஸ் நிப்பிள்களில் புது கிரீஸ் ஏற்றவேண்டும். கியர் ஆயில் பால் நிறமாக மாறியிருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம், உடனே மாற்றுங்கள். முன் அச்சு இழுவையைச் சேற்றில் மட்டும் போடுங்கள். தார் ரோட்டில் போட்டு ஓட்டினால் பற்சக்கரங்கள் கெடும்.

ரேடியேட்டரில் வாய்க்கால் தண்ணீர் வேண்டாம், வண்டல் அடைத்துக்கொள்ளும். சுத்தமான மழைத் தண்ணீர் நல்லது. பிரேக் சிலிண்டரில் எஞ்சின் ஆயிலை ஊற்றவே கூடாது. ரப்பர் ஊதிப்போய் பிரேக் பிடிக்காது. இப்போது வரும் பெட்ரோலில் எத்தனால் 20 சதம் வரை கலக்கிறது. அது பழைய ரப்பர் குழாய்களை இளக்கும், ஈரத்தையும் இழுக்கும். குழாய்களை எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றி, மாதக் கணக்கில் டாங்கியில் பெட்ரோலைத் தேக்காமல் இருங்கள். யுத்தகால வில்லிஸ் 6 வோல்ட், பெரிய ராணுவ லாரிகள் 24 வோல்ட். பாட்டரியும் பல்பும் வாங்கும்போது இதைக் கவனிக்க வேண்டும்.

உயிருக்கு ஆபத்தான விஷயங்கள் மூன்று. சில ராணுவ வண்டிகளின் ரிம் இரண்டு துண்டாகச் சேர்த்து நட்டுப் பூட்டியது. காற்றை முழுதும் இறக்காமல் அந்த நட்டைத் தளர்த்தினால் ரிம் வெடித்து ஆளைக் கொல்லும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் படுக்காதீர்கள். கனமான மரக்கட்டைகளை முட்டுக் கொடுங்கள். பழைய பிரேக் லைனிங்கில் கல்நார் இருக்கலாம். அந்தத் தூளை ஊதாமல், ஈரத்துணியால் துடைக்கவேண்டும்.

நிற்க. அரசாங்கத்துக்கும் ஒன்று சொல்லவேண்டும். 15 ஆண்டு தாண்டிய ஜீப், கார் வகைகளுக்கு மறுபதிவுக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாய் ஆயிற்று. 20 ஆண்டு தாண்டியவற்றுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக்கினார்கள். 50 ஆண்டு தாண்டி, உருவம் மாறாத பழம்பெரும் வண்டிகளுக்கென 2021-ல் தனிப் பதிவு முறை வந்தது. ஆனால் அந்தப் பதிவில் கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் போகலாம். அன்றாட ஓட்டத்துக்கோ வியாபாரத்துக்கோ கூடாது. ஆக, வண்டியை அழகுக்கு வைத்திருப்பவருக்கு ஒரு வழி இருக்கிறது. நெல் மூட்டை ஏற்றுபவருக்கு மேலும் மேலும் கட்டணம்தான் இருக்கிறது. புகையும் பிரேக்கும் சரியில்லாத வண்டியைத் தயவு பாராமல் நிறுத்தட்டும். அதில் நமக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் சோதனையில் தேறிய வண்டியைச் சொந்த விவசாயத்துக்கு மட்டும் ஓட்டும் சிறு விவசாயிக்குக் கட்டணத்தில் சலுகை தருவதுதான் நியாயம். வண்டியின் வயதைவிட அதன் நிலைமையே முக்கியம்.

கட்டணத்துக்கு பயந்து பதிவைப் புதுப்பிக்காமல் ஓட்டுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. விபத்து நேர்ந்து நஷ்ட ஈடு கேட்டு வழக்கு வந்தால், வண்டி போவதோடு நிற்காது. நிலத்துக்கும் ஆபத்து வரும். புதுப்பிக்க வசதிப்படாவிட்டால் விற்றுவிடுவதே மேல்.