சர்க்கரை மாத்திரையோடு ஒரு கைப்பிடி அவரை விதை

சங்ககிரியில் லாரித் தொழிலைச் சேர்ந்த ஒருவராவது இல்லாத வீதி அபூர்வம். நாக்பூருக்கும் டெல்லிக்கும் பாரம் ஏற்றிப்போய் வந்த மனிதர்கள், இடுப்பு விட்டுப்போயோ கண் மங்கியோ ஒருநாள் வண்டியை விட்டு இறங்கிவிடுகிறார்கள். அதன்பின் திண்ணைதான். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தால் சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் மாத்திரை வாசலுக்கே வந்துவிடுகிறது. ஆனால் விடிந்ததும் எதற்காக எழ வேண்டும் என்ற கேள்விக்கு எந்த மாத்திரையிலும் பதில் இல்லை.

எங்கள் வீதியில் ஒரு மாமா. பக்கவாதத்தில் இடது கை சோர்ந்துபோனது. அமுக்கிப் பழகச் சொல்லிக் கொடுத்த ரப்பர் பந்து கட்டிலுக்கடியில் கிடந்தது. ஆடி மாதத்தில் அவர் மகள் வாசலோரம் நாலு நாட்டு அவரை விதையை ஊன்றிவிட்டு, தண்ணீர் ஊற்றுவதை அவர் பொறுப்பில் விட்டாள். முதலில் சொம்பு, பிறகு பாதி வாளி. கொடி வீசத் தொடங்கியதும் பந்தல் போடாமல் முடியாது. கயிற்றை வலது கை இழுத்தால், இடது கை பிடித்தாக வேண்டும். பந்தோடு மல்லுக்கு நின்ற விரல்கள் கயிற்றுக்கு மெல்ல இணங்கின. கார்த்திகையில் பார்த்தபோது, “இப்பக் கை எப்படிங்க மாமா?” என்றேன். “கையை உடு கண்ணு, பூ வெச்சிருக்குது பாரு” என்றார்.

நோயிலேயே குந்தியிருந்த நினைப்பு பூவுக்கு நகர்ந்ததே, அதைத்தான் பெரிதாக நினைக்கிறேன்.

இதை மருத்துவ உலகமும் அளந்து பார்த்திருக்கிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனை. பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 பேரின் பதிவேடுகளை ஆய்வாளர் ரோஜர் உல்ரிச் ஒப்பிட்டு 1984இல் வெளியிட்டார். பாதிப்பேரின் ஜன்னலுக்கு வெளியே மரங்கள்; மீதிப்பேருக்குச் செங்கல் சுவர். மரம் பார்த்தவர்கள் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். வீரியமான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. நெதர்லாந்தில் 2011இல் வெளியான ஆய்வில், மனதை இறுக்கும் ஒரு வேலையைக் கொடுத்த பிறகு, 30 பேரில் ஒரு பகுதியினரை அரைமணி நேரம் தோட்டவேலை செய்யவும் மற்றவர்களைப் படிக்கவும் விட்டார்கள். மன அழுத்தத்தைக் காட்டும் கார்டிசால் ஹார்மோன் இருவகையினருக்கும் இறங்கியது. மண்ணில் கைவைத்தவர்களுக்கு அதிகமாக இறங்கியது. இரண்டுமே சிறிய ஆய்வுகள். இவற்றைக் காட்டி மாத்திரையை நிறுத்தச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை. மருந்தோடு செடி, மருந்துக்குப் பதிலாக அல்ல. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையின் மறுவாழ்வுப் பிரிவில் தையல், பேக்கரி போன்ற பயிற்சிகளோடு தோட்டவேலையும் இடம்பெற்றிருப்பது இந்த முறையில்தான்.

நம்மூர் வெயிலுக்கும் செம்மண்ணுக்கும் ஏற்றபடி செய்தால் போதும். குனிய முடியாதவர்களுக்குத் தரையில் பாத்தி வேண்டாம். சிமென்ட் ஆலை உள்ள ஊரில் காலிச் சாக்குக்குப் பஞ்சமில்லை. நன்றாக அலசி, அடியில் ஓட்டையிட்டு, மண்ணும் மக்கிய சாணமும் நிரப்பி, நாற்காலியில் உட்கார்ந்தால் கை எட்டும் உயரத்துக்குக் கல்லடுக்கி வைக்கலாம். பொறுமை குறைந்தவர்களுக்குச் சிறுகீரை. ஒரு மாதத்துக்குள் குழம்புச் சட்டிக்கு வந்துவிடும். அரிசி கழுவிய தண்ணீரே அதற்குப் பாதி தாகம் தீர்க்கும். சர்க்கரையால் கால் மரத்துப்போனவர்கள் மட்டும் செருப்பில்லாமல் மண்ணில் இறங்கக் கூடாது. முள் குத்தினாலும் தெரியாது. சின்னப் புண்ணே காலைப் பறித்துவிடும். கையில் கீறல் பட்டால் கழுவிவிட்டு, டெட்டனஸ் தடுப்பூசி போட்டு எவ்வளவு நாளாயிற்று என்று கேட்டுக்கொள்வது நல்லது.

மக்கள் நல்வாழ்வுத் துறையும் தோட்டக்கலைத் துறையும் இதில் கைகோக்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலைய வளாகத்தில் காலியிடம் இருந்தால் அங்கே ஒரு பந்தல் போடட்டும். ரத்தப் பரிசோதனைக்குக் காத்திருப்பவர்கள் அதனடியில் உட்காரட்டும். அடுத்த ஆடிப்பட்டத்துக்கு முன்பாக, வீடு தேடி வரும் தன்னார்வலரின் பையில் மாத்திரை அட்டையோடு ஒரு கைப்பிடி அவரை விதையும் இருக்கட்டும். அடுத்த முறை வரும்போது சர்க்கரை அளவைக் கேட்டுவிட்டு, கொடி எதுவரை ஏறியிருக்கிறது என்றும் அவர் கேட்கட்டும்.