நீலக் கோடு காட்டும் வழி



பாரிஸில் இருக்கும் மகனையோ மகளையோ பார்த்துவிட்டு வந்தவர்களிடம், "அங்கே என்னென்ன பார்த்தீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். ஈஃபிள் கோபுரம், லூவ்ர் மியூசியம், லாச்சப்பல் கடைத்தெரு, முடிந்தால் லூர்து மாதா கோயில். மிச்ச நாளெல்லாம் அடுக்குமாடி வீட்டின் ஜன்னல்தான். பிள்ளைகள் வேலைக்குப் போய்விடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் சொந்தக்காரர் யார் வீட்டிலாவது விருந்து. அங்கேயும் சாப்பாடு, டிவி, பேச்சு.

அங்கேயே குடியிருப்பவர்களைக் கேட்டாலும் பெரும்பாலும் இதே கதைதான். வாரம் முழுக்க மெட்ரோவில் ஓடிவிட்டு, கிடைக்கும் ஒரு நாளையும் வீட்டுக்குள்ளேயே கழித்தால் உடம்பு என்னத்துக்கு ஆகும்?

அதனால் இந்த மாதம் ஒரு சின்ன ஊரைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் பார்பிஸோன். பாரிஸுக்குத் தென்கிழக்கே ஏறக்குறைய 60 கிலோமீட்டர். ஆயிரத்துச் சொச்சம் பேர் வசிக்கும் ஊர். முக்கியமான தெரு ஒன்றே ஒன்றுதான். அந்தத் தெரு முடிகிற இடத்தில் ஃபோன்தேன்ப்ளோ காடு தொடங்கிவிடும். கேட் கிடையாது, டிக்கெட் கிடையாது, கைடு வேண்டியதில்லை.

இருபதாயிரம் ஹெக்டேருக்கும் மேல் பரந்த காடு. ஓக், பீச், பைன் மரங்கள். நடுநடுவே பாறைகள். மூன்று கோடிக்கும் மேற்பட்ட ஆண்டுகளுக்கு முன்பு இங்கே கடல் இருந்தது. அந்தக் கடல் விட்டுப்போன மணல்தான் இறுகி மணற்பாறையாகிக் கிடக்கிறது. குளத்தில் முழுகிக் கிடக்கும் எருமை முதுகுகள் மாதிரி மழமழவென்று இருக்கும். பார்பிஸோனிலிருந்து நடந்துபோகக்கூடிய அப்ரமோன் பள்ளத்தாக்கு முழுக்க இவைதான். பாறை ஏறுகிறவர்கள் முதுகில் மெத்தையைக் கட்டிக்கொண்டு உலகெங்கிலுமிருந்து இந்தக் காட்டுக்கு வருகிறார்கள். பிள்ளைகளுக்கோ மெத்தையும் தேவையில்லை, யாரும் சொல்லிக்கொடுக்கவும் தேவையில்லை!

"சரி, முன்பின் தெரியாத ஊரில், அதுவும் காட்டில், நம்பி எப்படி இறங்குவது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பதில் சொல்ல, 200 ஆண்டுகளுக்கும் முன்பே பிறந்த ஒரு முன்னாள் ராணுவ வீரரின் கதைக்குப் போக வேண்டும்.

குளோத் ஃபிரான்ஸ்வா தெனெகூர். 1788இல் பிறந்தவர். நெப்போலியன் படையில் இருந்து காயம்பட்டவர். பிறகு ஃபோன்தேன்ப்ளோ நகரத்துப் படைமுகாமில் காவலாளி. அரசியல் கருத்துக்காக 1832இல் அந்த வேலையும் போயிற்று. நாற்பதைத் தாண்டிய வயதில் வேலை இல்லாத மனிதர் என்ன செய்வார்? இவர் காட்டுக்குள் நடக்கத் தொடங்கினார். மனப்பாரம் இறங்கியிருக்க வேண்டும், விடாமல் நடந்தார். பிறகு, தான் கண்டதை மற்றவர்களும் காணட்டும் என்று 1839இல் ஒரு வழிகாட்டிப் புத்தகம் போட்டார். 1842இல் முதல் நடைபாதையைத் திறந்தார். கல்லைப் புரட்டி, புதரை வெட்டி, பாறையிலும் மரத்திலும் நீல வண்ணத்தில் அடையாளம் வரைந்தார். அதிகாரிகளிடம் முதலில் அனுமதியெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. சொந்தக் காசைச் செலவழித்தார், புத்தகம் விற்று வந்த காசையும் அதிலேயே போட்டார். 1875இல் அவர் கண்மூடும்போது ஏறக்குறைய 150 கிலோமீட்டர் பாதை உருவாகியிருந்தது. வரைபடத்தைப் படிக்கத் தெரியாதவரும் நீலக் கோட்டைப் பார்த்துக்கொண்டே போய்த் திரும்பிவிடலாம்.

அதற்குமுன் இந்தக் காடு யாருடையது? ராஜாக்கள் வேட்டையாடிய இடம். அப்புறம் விறகு வெட்டுகிறவர்கள், கல் உடைக்கிறவர்கள். பாரிஸ் வீதிகளுக்குப் பாவுகல் இங்கிருந்துதான் நிறையப் போனது. குடும்பத்தோடு சும்மா காலாற நடக்க வருவது என்பது சாதாரண மனிதர் நினைத்தே பார்க்காத விஷயம். 1849இல் ஃபோன்தேன்ப்ளோவுக்கு ரயில் வந்தது, தெனெகூரின் பாதைகள் தயாராகக் காத்திருந்தன. பாரிஸில் கடை வைத்திருந்தவரும் ஆபீஸ் குமாஸ்தாவும் ஞாயிற்றுக்கிழமை பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்து இறங்கினார்கள்.

அதே 1849இல்தான் ஓவியர் ஜான் ஃபிரான்ஸ்வா மிலேயும் பார்பிஸோனுக்கு வந்தார். பாரிஸில் காலரா. மனைவியையும் சின்னஞ்சிறு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு தப்பி வந்தவர், கடைசிவரை இங்கேயே இருந்துவிட்டார். வயலில் கதிர் பொறுக்கும் மூன்று பெண்களை வரைந்தவர் இவர்தான். எந்தக் காலண்டரிலாவது பார்த்திருப்பீர்கள். பக்கத்திலேயே இன்னொரு ஓவியர், தியோடர் ரூஸோ. நாம் பள்ளிக்கூடத்தில் படித்த தத்துவ ஞானி ரூஸோ வேறு. இந்த ரூஸோவுக்கு ஓக் மரங்கள்தான் உயிர். பழைய மரங்களை வெட்டித் தள்ளுவதைப் பொறுக்காமல் 1852இல் அரசுக்கு மனுக் கொடுத்தார். வெட்டிய இடத்தில் வரிசை வரிசையாக பைன் கன்று நட்டதிலும் ஓவியர்களுக்குக் கோபம். ராத்திரியோடு ராத்திரியாகச் சிலர் கன்றுகளைப் பிடுங்கிப் போட்டதாகக்கூடச் சொல்வார்கள்.

கடைசியில் 1861இல் ஓர் அரசாணை வந்தது. 1,097 ஹெக்டேர் காட்டை ஓவியர்களின் கண்ணுக்காக அப்படியே விட்டுவைக்க வேண்டும் என்று! அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா வந்தது 1872இல்தான். அதற்குப் பதினோரு ஆண்டுகள் முந்தியது இது. காகிதத்தோடும் தூரிகையோடும் அலைந்தவர்கள் சாதித்த காரியம்.

ஓவியர்கள் சிலருக்கு தெனெகூரின் நீலக் கோடும் அதைப் பிடித்துக்கொண்டு வந்த கூட்டமும் பிடிக்கவில்லை. அமைதி போயிற்று, பாறையெல்லாம் பெயிண்ட் என்று எரிச்சல். அவர்கள் சொன்னதில் உண்மை இல்லாமலில்லை. ஆனாலும் என் ஓட்டு தெனெகூருக்குத்தான். ஒரு காட்டைப் பத்து கலைஞர்கள் மட்டுமே நேசித்தால் அந்தப் பத்துப் பேர் போனபின் யார் கேட்பார்கள்? 1907இல் தொடங்கிய ஃபோன்தேன்ப்ளோ காட்டு நண்பர்கள் சங்கம் இன்றைக்கும் இருக்கிறது. மங்கிப்போன நீலக் கோடுகளுக்கு வண்ணம் பூசுபவர்கள் அதன் தொண்டர்கள்தான். சம்பளம் கிடையாது. இந்தக் காட்டில் மட்டுமல்ல, நாடு முழுக்க வெள்ளையும் சிவப்புமாகக் கோடு போட்ட நெடும்பாதைகளையும் இப்படித்தான் தொண்டர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். இரண்டு கோடும் ஒன்றையொன்று வெட்டிப் பெருக்கல் குறி மாதிரித் தெரிந்தால் அது தப்பு வழி, திரும்பிவிட வேண்டும். இதை மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள். அப்புறம் அவர்களே முன்னால் ஓடிப்போய்க் கோட்டைக் கண்டுபிடித்துக் கத்துவார்கள். வழிகாட்டும் பொறுப்பைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டால் "கால் வலிக்குது" என்ற பேச்சே பாதியாகக் குறையும்.

பயணச் செலவு? மாத நவிகோ பாஸ் வைத்திருப்பவர்களுக்குத் தனிச் செலவே இல்லை. பாரிஸின் கார் து லியோன் நிலையத்தில் ஆர் லைன் ரயில் ஏறினால் முக்கால் மணி நேரத்துக்குள் ஃபோன்தேன்ப்ளோ ஆவோன் ஸ்டேஷன். வேலைக்குப் போக வாங்கிய அதே பாஸ் இங்கேயும் செல்லும். எத்தனை வீட்டில் இது தெரியும்?

அங்கிருந்து பார்பிஸோன் ஏறக்குறைய பத்துக் கிலோமீட்டர் தூரம். பஸ் குறைவு, அதுவும் ஞாயிற்றுக்கிழமை இன்னும் குறைவு. முன்கூட்டியே நேரம் பார்த்துக்கொள்ளுங்கள். கார் இருந்தால் பிரச்னையே இல்லை. கார் இல்லாதவர்கள் ஸ்டேஷனிலிருந்தே நடந்து தெனெகூர் கட்டிய கோபுரத்துக்குப் போகலாம். அரை மணி நேர நடைதான். மேலே ஏறினால் கண்ணுக்கெட்டிய வரை மரங்கள்.

முழங்கால் வலிக்காரர்கள், பயப்பட வேண்டாம். பார்பிஸோனை ஒட்டிய பா பிரேயோ பகுதியில் பாதை அகலம், பெரும்பாலும் சமதளம். பெரியவர்கள் அங்கே மெல்ல நடக்கட்டும். அப்ரமோன் பாறைகளை இளசுகள் பார்த்துக்கொள்ளும். மரத்தடியில் கட்டுச்சோற்றைப் பிரித்தால் யாரும் முறைக்க மாட்டார்கள். ஆனால் நெருப்பு மூட்டக் கூடாது. நம் ஆட்கள் பலருக்குக் காடென்றாலே பார்பிக்யூ ஞாபகம் வந்துவிடுகிறது, அது இங்கே நடக்காது. காட்டுக்கு ஒரு தீப்பொறி போதும். கொண்டுபோன பிளாஸ்டிக்கைக் கையோடு எடுத்து வருவதைச் சொல்லவே வேண்டியதில்லை.

இன்னும் இரண்டு விஷயம். வசந்தத்திலிருந்து இலையுதிர் காலம்வரை உண்ணிகள் உண்டு. லைம் என்ற நோயைப் பரப்பக்கூடியவை. முழுக்கால் பேன்ட் போட்டு, அதன் நுனியை சாக்ஸுக்குள் செருகிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் பிள்ளைகளின் அக்குள், முழங்காலின் பின்பக்கம், காதோரம் எல்லாம் பார்த்துவிடுங்கள். ஒட்டியிருந்தால் மருந்துக்கடையில் கிடைக்கும் சின்னக் கொக்கியால் எடுக்கலாம். எண்ணெய் ஊற்றுவது, நெருப்புக் காட்டுவது வேண்டாம். அடுத்தது வேட்டை. இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் குறிப்பிட்ட நாட்களில் காட்டுப்பன்றி, மான் வேட்டை நடக்கும். பாதையில் எச்சரிக்கைப் பலகை வைத்திருப்பார்கள். பார்த்தால் வேறு பக்கம் போய்விடுங்கள்.

முதல் முறைக்கு ஏப்ரல், மே நல்லது. போய்வந்தவர்கள் எந்தப் பாதையில் நடந்தீர்கள், பாட்டியால் எவ்வளவு தூரம் முடிந்தது, திரும்பி வர எந்த பஸ் கிடைத்தது என்று விவரமாக எழுதுங்கள். அடுத்துப் போகிற வீட்டுக்கு உதவும், வாசகர் பக்கத்தில் போடுகிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்