தேரை ஏன் பொய் சொல்வதில்லை?



இனப்பெருக்கக் காலத்தில் ஐரோப்பியக் குளங்களில் ஆண் தேரைகள் பெண் தேரைக்காக மல்லுக்கட்டும். பெண்ணின் முதுகைப் பற்றியிருக்கும் ஆணை மற்றோர் ஆண் தாக்க வந்தால், முன்னது குரல் எழுப்பும். டேவிஸ், ஹாலிடே என்ற இரு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் அத்தேரையைக் குரல் எழுப்ப விடாமல் செய்து, பதிவு செய்த குரல்களை ஒலிக்கச் செய்தனர். கட்டைக் குரல் கேட்டபோது தாக்குதல் குறைந்தது! இதை 1978-ல் வெளியிட்டனர்.

காரணம் என்ன? பெரிய தேரையின் குரல் உறுப்பும் பெரிது. ஆகவே அதிர்வெண் குறைவு. வீணையில் தடித்த தந்தி கட்டை ஒலி தருகிறதல்லவா, அதுபோலத்தான். சிறிய தேரை எவ்வளவு முயன்றாலும் அந்தக் குரல் வராது. இங்கே பொய்க்குத் தடை போடுவது இயற்பியல்.

ஆனால் எல்லாச் சைகைகளுக்கும் இப்படித் தடை இல்லை. நீண்ட வாலை நலிந்த பறவையும் வளர்த்து ஏமாற்றலாமே? 1975-ல் இஸ்ரேலிய உயிரியலார் அமோட்ஸ் சஹாவி ஒரு விடை கூறினார். சைகை ஒரு சுமை. அதைத் தாங்கிப் பிழைத்திருப்பதே வலிமைக்குச் சான்று என்றார். கேட்க அழகாக இருந்தது. ஆனால் கணக்குப் போட்டுக் காட்டவில்லை. 1976-ல் ஜான் மேனார்டு ஸ்மித் ஒரு கணித மாதிரி அமைத்து, இது சரிவராது என்றார். இவர் விமானப் பொறியாளராக இருந்து உயிரியலுக்கு வந்தவர். 1990-ல் ஆலன் கிராஃபென் வேறொரு மாதிரி அமைத்து, சரிவரும் என்று காட்டினார்.

நீங்களும் போட்டுப் பாருங்கள். எண்கள் என் கற்பனையே. சைகையால் வரும் ஆதாயம் 10 என்க. செலவு எல்லோருக்கும் 2 என்றால், வலியதற்கும் மெலியதற்கும் 8 மிஞ்சும். எல்லாம் சைகை காட்டும். அதற்கு மதிப்பே இராது. வலியதற்குச் செலவு 2, மெலியதற்கு 12 என்றால்? மெலியதற்கு 2 நட்டம். அது பேசாமல் இருந்துவிடும். சைகை நம்பத்தக்கதாகிவிடும். இப்போது வலியதன் செலவைப் பூஜ்யமாக்குங்கள். அப்போதும் மெலியதற்கு நட்டம்தான்! ஆகவே, மெய் சொல்வது சுமையாக இருக்க வேண்டியதில்லை; பொய் சொல்வது கட்டுப்படியாகக் கூடாது, அவ்வளவே. 2001-ல் லாக்மன், சாமடோ, பெர்க்ஸ்ட்ரோம் ஆகிய மூவர் இதை முறையாக விளக்கினர்.

இதை இயற்பியல் ஆசிரியனான நான் ஏன் சொல்கிறேன்? கல்லூரியில் சேர வரும் மாணவர் பலர், "கணக்கு வராது சார், அதனால்தான் விலங்கியல் எடுத்தேன்" என்கிறார்கள். அவர்களை நான் குறை கூற மாட்டேன். கணக்கைப் பூச்சாண்டியாக்கிய எங்களைத்தான் கூற வேண்டும். மேலே நாம் போட்டது வெறும் கழித்தல் கணக்கு. அழகான சொற்களுக்குள் ஒளிந்திருந்த பிழையை அதுவே வெளியே இழுத்துப் போட்டது.

கணக்கு மட்டும் போதும் என்றும் நான் சொல்லவில்லை. மேனார்டு ஸ்மித்தும் கிராஃபெனும் போட்டவை இரண்டும் கணக்குகளே. அனுமானங்கள் வேறு, ஆகவே விடைகளும் வேறு. எது இயற்கைக்குப் பொருந்தும் என்பதைக் குளக்கரைக்குப் போய்த்தான் பார்க்க வேண்டும்.

விலங்கியல் படிக்கப் போகிறீர்களா? மகிழ்ச்சி! போகும்போது பென்சிலையும் எடுத்துச் செல்லுங்கள்.