செத்த ஆட்டைச் சாலைக்குத் தூக்கிவர வைத்த அலட்சியம்

திருப்பூர் மாவட்டத்தின் குண்டடம், காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் வட்டாரங்களில் ஆடு வளர்ப்பவர்களுக்குச் சில ஆண்டுகளாகவே விடியற்காலை அச்சம் தரும் நேரமாகிவிட்டது. இரவில் பட்டியில் அடைத்துவிட்டு வந்த ஆடுகளில் எத்தனை உயிரோடு நிற்கும் என்று எவராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. தெருநாய்கள் கூட்டமாக வந்து, வேலியைத் தாண்டி, கழுத்தையும் வயிற்றையும் கடித்துக் குதறிவிட்டுப் போகின்றன. பசிக்கு ஓர் ஆட்டைத் தின்றுவிட்டுப் போகும் விலங்கு அல்ல இது. ஓடுவதைத் துரத்தும், துரத்தியதைக் கடிக்கும், அது விழுந்ததும் அடுத்ததைத் தேடும். செம்மறியோ கத்தி ஊரைக் கூட்டாது, எதிர்த்தும் நிற்காது. மூலையில் ஒன்றின்மேல் ஒன்று ஏறி ஒண்டிக்கொள்ளும். அதனால்தான் ஒரே இரவில் ஒரு குடும்பத்தின் மொத்த மந்தையும் அழிகிறது. தப்பியவற்றிலும் கடிபட்ட புண்ணில் புழு வைக்கிறது, சினை ஆடுகள் குறைமாதத்திலேயே குட்டியைப் போட்டுவிடுகின்றன. அந்த இழப்பு எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

செத்த ஆடுகளை வண்டியில் ஏற்றிவந்து சாலையில் கிடத்தி விவசாயிகள் மறியல் செய்தபிறகுதான் அரசு இயந்திரம் திரும்பிப் பார்த்தது. அதுவரை அவர்களுக்குக் கிடைத்த பதில், நாய்க்கடிக்கு இழப்பீடு தர விதியில் இடமில்லை என்பதே. புயலிலும் வெள்ளத்திலும் ஆடு செத்தால் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து ஒரு தொகை உண்டு. நாய் கடித்துச் செத்தால் அப்போது ஒன்றுமில்லை. போராட்டம் வலுத்து, இறந்த ஆடுகளின் படங்கள் ஊர் ஊராகப் பரவியபின், 2025-இல் இழப்பீடு அறிவிக்கப்பட்டது. முதலில் பேசப்பட்ட அளவு பேரிடர் நிவாரண அளவான ஆட்டுக்கு 4,000 ரூபாய். பிறகு அது உயர்த்தப்பட்டது. உயர்த்தியதை வரவேற்கிறோம். ஆனால் வளர்ந்த ஒரு கிடாய் குண்டடம் சனிக்கிழமைச் சந்தையில் என்ன விலை போகிறது என்று விசாரித்திருந்தால் முதல் நாளே அந்தத் தொகையை எழுதக் கை கூசியிருக்கும்.

இழப்பீட்டைப் பற்றியே பேசிப் பேசி, அதைத் தந்ததோடு கடமை முடிந்தது என்று ஆட்சியாளர்கள் கருதுவதைத்தான் இங்கே கடுமையாகக் கண்டிக்கிறோம். ஆடு செத்தபின் பணம் தருவது நிர்வாகத்தின் கடைசி வேலை. சாகாமல் காப்பது முதல் வேலை. அந்த முதல் வேலையை யாரும் தொடங்கவே இல்லை.

இந்த மண்ணை அறியாதவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். குண்டடம் பக்கம் பயணிக்கும் வெளியூர்க்காரர் கண்ணுக்குத் தரிசாகத் தெரிவது தரிசல்ல, கொரங்காடு. சுற்றிலும் கிளுவை முள்வேலி, உள்ளே கொழுக்கட்டைப்புல், ஆங்காங்கே நிழலுக்கும் காய்க்கும் வெள்வேல மரம். மழை குறைந்த பூமியில் நீர்ப்பாய்ச்சல் இல்லாமல், தலைமுறை தலைமுறையாக மனிதர்கள் கட்டிக் காத்த மேய்ச்சல் முறை அது. காங்கேயம் மாட்டை உருவாக்கியதும் அந்த நிலம்தான். அதன் சிறப்பே, வேலிக்குள் ஆட்டை விட்டுவிட்டால் நாளெல்லாம் ஆள் நின்று மேய்க்க வேண்டியதில்லை என்பது. காலையில் விட்டு, தண்ணீர் காட்டி, மாலையில் பட்டியில் அடைத்தால் போதும். வீட்டில் இளையவர்கள் பனியன் கம்பெனி வேனில் ஏறித் திருப்பூருக்கும் பல்லடத்துக்கும் போய்விட்ட காலத்திலும், அறுபது எழுபது வயதுக் கிழவனும் கிழவியும் இருபது முப்பது ஆடுகளை வைத்துக்கொண்டு யார் கையையும் எதிர்பார்க்காமல் வாழ முடிந்தது இந்த முறையால்தான். இன்று கிளுவை வேலி நாயைத் தடுக்கவில்லை. பகலிலும் ஒருவர் தடியோடு நிற்க வேண்டும், இரவிலும் ஒருவர் விழித்திருக்க வேண்டும் என்றால் அந்த வாழ்வு முறையே குலைந்துபோகும். ஆட்டை விற்றுவிட்டால் கொரங்காடு எதற்கு என்ற கேள்வி வரும். அடுத்த நாளே அங்கே வீட்டுமனைக் கல் ஊன்றப்படும். ஆட்டோடு சேர்ந்து ஒரு நிலவளமும் போகப்போகிறது என்பது கோட்டையில் அமர்ந்திருப்பவர்களுக்குப் புரிகிறதா?

அரசுக்கு ஆடு தெரியாததல்ல. 2011-இல் தொடங்கிய விலையில்லா ஆடுகள் திட்டத்தில் கிராமத்து ஏழைக் குடும்பங்களுக்குத் தலா 4 ஆடுகள் கொடுத்தார்கள். ஆட்சி மாறியபின் 2021-22-இல் மாநிலத்தின் 388 ஊராட்சி ஒன்றியங்களிலும் ஒன்றியத்துக்கு 100 பேர் என, கணவனை இழந்த, ஆதரவற்ற பெண்களுக்குத் தலா 5 ஆடுகள் தரும் திட்டத்தை 75 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கி அறிவித்தார்கள். அந்த 388-இல் குண்டடமும் ஒன்று. இரண்டு கட்சியும் ஆடு கொடுத்தன, இரண்டு கட்சியும் மேடை போட்டுப் படம் எடுத்துக்கொண்டன. கொடுத்த ஆடு அடுத்த ஆண்டு உயிரோடு இருக்குமா என்று எண்ணிப் பார்க்க இரண்டுக்கும் நேரமில்லை. கொடுப்பதில் வாக்கு இருக்கிறது, காப்பதில் இல்லை என்று கணக்குப் போட்டுவிட்டார்கள்.

நாய்களைக் கட்டுப்படுத்தும் பொறுப்பு உள்ளாட்சியுடையது. விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் 2001-இல் வந்தன. 2023-இல் புதிய விதிகள் வந்தன. இரண்டும் உள்ளாட்சியைத்தான் கைகாட்டுகின்றன. அந்த உள்ளாட்சியை அரசு என்ன நிலையில் வைத்திருக்கிறது? 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தபின் மூன்று ஆண்டுக்கு மேல் தேர்தல் இல்லாமல் தனி அலுவலர்களால் ஊராட்சிகள் நடத்தப்பட்டன. 2019 டிசம்பரில் திருப்பூர் உள்ளிட்ட 27 மாவட்டங்களுக்குத் தேர்தல் நடந்தது. அப்போது தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதி முடிந்தது. அதற்குள் அடுத்த தேர்தலை நடத்தி முடித்திருக்க வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 243-ஈ பிரிவு. நடத்தவில்லை. மீண்டும் தனி அலுவலர். பத்தாண்டுக்குள் இரண்டு முறை, இரண்டு ஆட்சிகளின்கீழ், கிராமத்துக்குத் தலைவர் இல்லாமல் போனது. மறியல்கள் உச்சத்தில் இருந்த அதே மாதங்களில் செத்த ஆட்டோடு போய்க் கதவைத் தட்ட ஊராட்சித் தலைவர் என்று ஒருவர் இல்லை. சட்டமன்றத் தேர்தலுக்குக் கூட்டணிப் பேச்சில் காட்டிய வேகத்தில் கால் பங்கை ஊராட்சித் தேர்தலுக்குக் காட்டியிருந்தால் இந்தக் கொடுமை நேர்ந்திருக்காது.

தலைவர் இருந்தாலும் தனியொரு கிராம ஊராட்சியால் நாய்களைக் கட்டுப்படுத்த இயலாது என்பதும் உண்மையே. பிடிக்கப் பயிற்சி பெற்ற ஆள் வேண்டும், கூண்டு வண்டி வேண்டும், அறுவை அறையும் மருத்துவரும் வேண்டும், சில நாள் வைத்துப் பராமரிக்க இடம் வேண்டும். ஒரு பகுதியில் பத்தில் ஏழு நாய்க்குக் குறுகிய காலத்தில் கருத்தடை செய்தால்தான் பெருக்கம் நிற்கும். ஆண்டுக்குப் பத்து நாயைப் பிடித்து அறிக்கை எழுதுவது பணத்தை வீணாக்குவது மட்டுமே. இரண்டு மாதச் சினையில் ஐந்தாறு குட்டி போடும் உயிர், ஆண்டுக்கு இரண்டு முறை. இதை ஒன்றியங்கள் சேர்ந்து, மாவட்ட அளவில், கால்நடைத் துறையின் தலைமையில்தான் செய்ய முடியும். மாநகராட்சிக்கு ஒரு மையம் இருந்தால் போதும் என்ற மனப்போக்கு ஆடும் கொரங்காடும் இருக்கும் கிராமத்தைக் கணக்கிலேயே எடுக்கவில்லை.

கருத்தடை செய்த நாயைப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்று விதி சொல்கிறது, எங்கள் கை கட்டப்பட்டிருக்கிறது என்று அதிகாரிகள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2025 ஆகஸ்ட் 22-ஆம் தேதி உச்சநீதிமன்றம் தந்த உத்தரவு, வெறிபிடித்த நாயையும் தாக்கும் குணமுள்ள நாயையும் திரும்ப விடக் கூடாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் குதறும் நாய்க்கூட்டத்தைத் தாக்கும் குணமுள்ளது என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது? கை கட்டப்படவில்லை. கையை அசைக்க மனமில்லை.

அந்த ஆகஸ்ட் மாதத்தில் டெல்லித் தெருநாய்களைப் பற்றி நாடே பேசியது. தொலைக்காட்சிகள் இரவுதோறும் விவாதம் நடத்தின. தலைநகரத்துக் குழந்தைகளின் உயிர் பெரிது, அதில் மாறுபாடில்லை. ஆனால் அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே கொங்கு மண்ணில் விவசாயிகள் செத்த ஆடுகளோடு சாலையில் உட்கார்ந்திருந்தார்கள். அந்தச் செய்தி மாவட்டப் பக்கத்தைத் தாண்டவில்லை. காங்கேயம், தாராபுரம் ஆகிய இரு தொகுதிகளும் 2021-இல் தலா ஓர் அமைச்சரைத் தந்தவை. ஆண்டுக்கு 40,000 கோடி ரூபாய்க்கு மேல் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் திருப்பூருக்கு வரிச்சுமை வந்தால் முதல்வர் கடிதம் எழுதுகிறார். எழுதத்தான் வேண்டும். இருபது ஆட்டை இழந்த மூதாட்டிக்கும் அதே அரசுதான் அரசு.

இனி நம் பக்கம். இந்த நாய்க்கூட்டம் வானத்திலிருந்து இறங்கவில்லை. திருப்பூரிலும் பல்லடத்திலும் தாராபுரத்திலும் பல்லாயிரம் கோழி தினமும் அறுபடுகிறது. குடலும் தலையும் இறகும் சாக்கில் கட்டப்பட்டு இரவில் சாலையோரத்திலும் பரம்பிக்குளம்-ஆழியாறு (பி.ஏ.பி.) வாய்க்கால் கரையிலும் வீசப்படுகின்றன. கறிக்கோழித் தொழிலில் பெயர்பெற்ற இந்த வட்டாரத்தில், செத்த கோழியைக் குழி தோண்டிப் புதைக்காமல் வேலி ஓரம் எறியும் பண்ணைகளும் இருக்கின்றன. தினமும் இறைச்சி கிடைக்கும் இடத்தில் நாய் கூடும். கிடைக்காத நாளில் பக்கத்துப் பட்டிக்குள் புகும். கழிவைத் தரம் பிரித்து முறையாக ஒப்படைப்பது அதை உண்டாக்கியவர் கடமை என்று திடக்கழிவு மேலாண்மை விதிகள் சொல்கின்றன. உரிமம் தரும் அதிகாரி ஒரு கடைக்காரரிடமாவது கழிவு எங்கே போகிறது என்று கேட்டதுண்டா? அதோடு, பெட்டை நாய்க்குட்டிகளைப் பையில் போட்டுக் கொண்டுபோய் அடுத்த ஊர் எல்லையில் விட்டுவரும் பழக்கம் வேறு. தன் வீட்டுச் சங்கடம் தீர்ந்தது என்று விட்டவர் நிம்மதியாகத் தூங்குகிறார். ஒரு வருடம் கழித்து அந்த ஊர் ஆடுகள் சாகின்றன. இது அறியாமை என்றால் அறிந்துகொள்ளட்டும். அறிந்தே செய்தால் அது குற்றம்.

ஆத்திரத்தில் விஷம் வைப்பதையும் நாம் ஏற்க மாட்டோம். அது சட்டப்படி குற்றம். விஷம் நாயோடு நிற்காது. மயிலும் காக்கையும் சாகும், காவல் நாயும் சாகும்.

மாவட்ட ஆட்சியர் உடனே செய்ய வேண்டியவை இவை. குண்டடம், தாராபுரம், காங்கேயம், வெள்ளகோவில் ஒன்றியங்களுக்குப் பொதுவாக ஒரு கருத்தடை மையமும், திரும்ப விடக் கூடாத நாய்களுக்கு ஒரு காப்பகமும் அமைக்க வேண்டும். இறைச்சிக்கடை, பண்ணை உரிமங்களைக் கழிவு அகற்றும் ஏற்பாட்டோடு இணைத்து, மீறினால் கடையை மூட வேண்டும். ஆடு செத்த அன்றே கால்நடை மருத்துவர் வந்து சான்று தர, அடுத்த சில நாளில் சந்தை விலைக்கு நிகரான பணம் கணக்கில் ஏற வேண்டும். பட்டிகளுக்குக் கம்பிவலை வேலி போட மானியம் வேண்டும். ஊராட்சிகளுக்கு மக்கள் தேர்ந்தெடுத்த தலைவர்கள் இல்லாத நிலை இனி எந்த ஆட்சியிலும் வரக் கூடாது. இவற்றில் எதற்கும் புதிய சட்டம் தேவையில்லை.

வாசகர்களே, இந்த ஞாயிற்றுக்கிழமை கறி வாங்கப் போகும்போது கடைக்காரரிடம் கழிவை எங்கே கொட்டுகிறீர்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லாத கடையில் வாங்காதீர்கள். கிராமசபை கூடும் நாளில் போய் உட்கார்ந்து, எங்கள் ஊராட்சியில் எத்தனை நாய்க்குக் கருத்தடை செய்திருக்கிறீர்கள் என்று கேட்டு, வந்த பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதவையுங்கள்.